ஒன்றரை நானோமீட்டரில் ஒரு முகடு

எக்ஸ்ரே அறையில் பெரியவள் வைத்ததுதான் சட்டம். ஆய்வு மாணவர்கள் முகத்துக்கு நேராக அக்கா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் ஜட்ஜம்மா என்பார்கள். டப்பாவில் பெயர் எழுதாமல் சாம்பிள் கொண்டுவந்தவனை அவள் வாசற்படி தாண்ட விட்டதில்லை. கையுறை போடாமல் படலத்தைத் தொட்டுக் கொண்டுவந்த ஒருவனிடம், அளக்க வேண்டியது சாம்பிளையா உன் கைரேகையையா என்று கேட்டு, அவனை ஒரு மாதம் அந்தப் பக்கமே தலைகாட்ட விடாமல் செய்தவள். அளவீடு என்றால் அப்படித்தான் என்பது அவள் கட்சி. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது.

அந்த ஜட்ஜம்மா வளைந்து கொடுத்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான். மாடியில் உள்ள வேதியியல் ஆய்வகத்தில் ஐந்து வருடமாகப் பாலிமர் செய்துகொண்டிருந்த அவளுடைய தங்கைக்கு.

தங்கை செய்வது என்ன என்று அம்மாவுக்கு விளங்க வைத்ததும் பெரியவள்தான். ஒரு நீளச் சங்கிலி, அதில் பாதி பெப்டைடு, அதாவது புரோட்டீன் எதனால் ஆனதோ அது. அது திருகாணிபோலச் சுருண்டு கோல் மாதிரி விறைத்து நிற்கும். மறுபாதி சாதாரண பிளாஸ்டிக், நனைந்த நூல்போலத் துவண்டு கிடக்கும். இரண்டுக்கும் ஆகவே ஆகாது. ஆனால் முடிச்சுப் போட்டாயிற்று, பிரிய முடியாது. கரைசல் காய்ந்து மெல்லிய படலமாகக் கெட்டிப்படும்போது கோல்கள் ஒரு பக்கமும் நூல்கள் ஒரு பக்கமுமாக ஒதுங்கி, அடுக்கு அடுக்காகத் தாங்களே படிந்துகொள்ளும். யாரும் அடுக்கி வைக்க வேண்டியதில்லை. அம்மா கவனமாகக் கேட்டுவிட்டு, "உங்கப்பாவும் நானும் மாதிரியா?" என்று கேட்டாள்.

அடுக்காகப் படிவது புதிதில்லை, பலர் கண்டதுதான். சின்னவளின் பெருமை வேறு. அந்த அடுக்குக்குள்ளே கோல்கள் தாறுமாறாகக் கிடக்கவில்லை, தேன்கூட்டு அறைகள்போல ஆறுபக்கமாக, ஒன்றுக்கொன்று ஒன்றரை நானோமீட்டர் இடைவெளியில் ஒழுங்காக நிற்கின்றன என்று அவள் காட்டியிருந்தாள். ஆய்வேட்டின் நாலாவது அத்தியாயம் முழுக்க இதுதான். ஆதாரம், படலத்தில் பட்டுச் சிதறும் எக்ஸ்ரேயை அளந்து இயந்திரம் வரையும் கோட்டில் அந்த இடத்தில் எழும் ஒரு முகடு. அந்த முகடு நின்றால் ஆய்வேடு நிற்கும்.

அன்று மதியம் சின்னவளுக்கு வைவா, ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு. அது முடிந்து பட்டம் உறுதியானால் அடுத்த மாதம் வேறொரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலை. பட்டம் கையில் இல்லாவிட்டால் அந்த இடம் காத்திருப்பவர்களில் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். அம்மா ஊரிலிருந்து காலையிலேயே வந்து, நல்ல புடவை கசங்காமல் விருந்தினர் அறையில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

பெரியவள் அன்று விடுப்பு எடுத்திருக்கலாம். வீட்டில் இருந்தால் படபடப்பாக இருக்கும் என்று காலையில் வேலைக்கு வந்தாள். ஒரு தொழிற்சாலையிலிருந்து ரப்பர் தூள் அனுப்பியிருந்தார்கள். வழக்கமாக அவள் எந்தச் சாம்பிளையும், சூடு தாங்கும் மஞ்சள் டேப்பில் ஒரு பக்கம் மட்டும் ஒட்டித்தான் அளப்பாள். டேப்பும் கொஞ்சம் எக்ஸ்ரேயைச் சிதறடிக்கும் என்பதால் வெறும் டேப்பைத் தனியாக அளந்து வைத்திருந்தாள். அதற்குப் பிளாங்க் என்று பெயர். ஒவ்வொரு அளவீட்டிலிருந்தும் பிளாங்க்கைக் கழித்துவிட்டால் மிச்சம் சாம்பிளுடையது மட்டும். ஆனால் தூளை ஒரு பக்கம் ஒட்டினால், அளப்பதற்கு முன் பம்பு காற்றை உறிஞ்சும்போது பறந்து இயந்திரத்துக்குள் போய்விடும். அதனால் மேலேயும் ஒரு டேப்பை ஒட்டி மூடினாள். இந்த மாதிரி இரு பக்கமும் ஒட்டுவது அவள் கைக்குப் பழக்கமானதுதான்.

அளந்தாள். பிளாங்க்கைக் கழித்தாள். கோடு திரையில் வந்தது. ஒன்றரை நானோமீட்டர் இருக்கும் இடத்தில் ஒரு முகடு நின்றது.

பெரியவள் முதலில் வேறு கோப்பைத் திறந்துவிட்டோமோ என்று பார்த்தாள். ரப்பர் கோப்புதான். தங்கையின் கோட்டைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். அதே இடம், அதே அகலம், ஒரே அச்சு. ரப்பருக்கும் பெப்டைடுக்கும் என்ன உறவு? ரப்பருக்கு ஏது கோல், ஏது ஆறுபக்கம்?

பிறகு பார்வை மெதுவாக மேசையில் கிடந்த டேப் சுருளுக்குப் போனது. இரு பக்கமும் ஒட்டுகிற பழக்கம் எங்கே வந்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சின்னவளின் படலங்கள் காய்ந்த சருகுபோல நொறுங்கும். முதல் வருடம் இரண்டு படலம் உடைந்து அவள் அழுதபோது, இனிமேல் உனக்கு மட்டும் ரெண்டு பக்கமும் டேப் வைத்துத் தருகிறேன் என்று சொன்னது பெரியவள். சொன்னபடி செய்தாள். எல்லாம் செய்தவள், பிளாங்க்கை மட்டும் மாற்றவில்லை. இரண்டு டேப் ஒட்டிவிட்டு ஒரு டேப்பைக் கழித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் யாருக்கும் இரட்டை டேப் கிடையாது, கோட்டின் அந்த இடத்தில் யாருக்கும் வேலையும் கிடையாது. ஆகவே நாலு வருடமாக யார் கண்ணிலும் படவில்லை. ஊரார் சாம்பிளில் கைரேகை தேடியவள் தங்கை சாம்பிளில் தன் டேப்பையே பார்க்கவில்லை.

வெறும் இரண்டு டேப்பை ஒட்டி அளந்து பார்த்தாள். சாம்பிளே இல்லாமல் சின்னவளின் முகடு எழுந்தது.

இத்தனைக்கும் பிறகும் ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. டேப்பின் முகடு இருக்கிறது என்பதால் கோல்களின் முகடு இல்லை என்று ஆகாது, இரண்டும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று இருக்கலாம். பழைய அளவீடுகளிலிருந்து இரண்டு டேப்பைக் கழித்துப் பார்த்தாள். ஒவ்வொரு சுருளிலும் டேப்பின் கனம் கொஞ்சம் மாறும், பசை மாறும். மிச்சம் மேடும் பள்ளமுமாக வந்தது. இருக்கிறது என்றால் இருக்கிறது, இல்லை என்றால் இல்லை. டேப்பே இல்லாமல் ஒரு படலத்தை அளந்தால்தான் உண்மை தெரியும்.

இருந்த படலம் எல்லாம் டேப்புக்குள் சிக்கியிருந்தது, உரித்தால் தூள்தான். ஒன்றே ஒன்று மட்டும் சின்னவளின் மேசையில் கண்ணாடித் தட்டில் இருந்தது, தேர்வாளருக்குக் காட்டுவதற்காக. கரைப்பானின் ஆவியில் வாரக்கணக்கில் ஊறவைத்து, சங்கிலிகள் சாவகாசமாக அடுக்கிக்கொள்ளட்டும் என்று காத்திருந்து எடுத்தது. சின்னவள் அரங்கத்தில் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். பெரியவள் மாடிக்குப் போய், யாரிடமும் கேட்காமல், தட்டோடு எடுத்துக்கொண்டு இறங்கினாள். படியில் தட்டு துளியும் அசையவில்லை. கை பழகிய கை.

இரண்டு சிறு வளையங்களுக்கு இடையில் படலத்தை வைத்துத் திருகினாள். அரைத் திருகு அதிகமாகிவிட்டது. குறுக்கே விரிசல் ஓடிப் பாதி உதிர்ந்தது. மிச்சமிருந்த துண்டு ஓட்டையை மூடுமா மூடாதா என்று குனிந்து பார்த்தாள். மூடியது, மயிரிழை வித்தியாசத்தில். மூச்சைப் பிடித்துக்கொண்டு இயந்திரத்துக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். பம்பு காற்றை உறிஞ்சும் சத்தம் கேட்டபோது அந்தத் துண்டும் உடைந்துவிடும் என்றே நினைத்தாள். உடையவில்லை.

எக்ஸ்ரே விழத் தொடங்கியதும் திரையில் புள்ளி புள்ளியாக வந்தது. அடுக்குகளின் கூர்மையான முகடு உடனே தெரிந்தது. அடுக்குகள் உண்மை, அதில் சந்தேகம் இல்லை. அதற்கு அப்பால், அந்த ஒன்றரை நானோமீட்டர் இடத்தில், சொரசொரப்பு. நடுவில் கொஞ்சம் புடைத்தாற்போல இருந்தது. பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். வா, வந்துவிடு என்று வாய்விட்டே சொன்னாள். திரையோடு பேசுகிற மாணவர்களை இவளே கேலி செய்திருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. பேராசிரியர், அதாவது சின்னவளின் கைடு, வெளித்தேர்வாளரை ஆய்வகம் சுற்றிக் காட்ட அழைத்து வந்திருந்தார். தேர்வாளர் நரைத்த தலையும் தணிந்த குரலுமான ஒரு பெண்மணி. இவர்தான் அந்த அளவீடுகளைச் செய்தவர், மாணவியின் அக்காவும்கூட என்று பேராசிரியர் பெருமையாக அறிமுகப்படுத்தினார். தேர்வாளர் பெரியவளின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவ்வளவு தூரம் பயணம் செய்து வந்ததே அந்த நாலாவது அத்தியாயத்துக்காகத்தான் என்றார், தன் மாணவர்கள் இருவரை அதைத் தொடர்ந்து வேலை செய்யச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். பிறகு திரையைப் பார்த்து, இப்போது என்ன ஓடுகிறது என்று கேட்டார்.

"ரப்பர் மேடம். ஒரு கம்பெனியோட சாம்பிள்," என்றாள் பெரியவள்.

அவள் அந்த அறையில் சொன்ன முதல் பொய் அது. அவர்கள் போன பிறகு முகம் எரிந்தது.

சாப்பாட்டு நேரம் போயிற்று. அம்மா போனில் கூப்பிட்டு, எல்லாரும் அரங்கத்துக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள், நீ எங்கே என்று கேட்டாள். வருகிறேன் என்றாள். புள்ளிகள் சேரச் சேரச் சொரசொரப்பு அடங்கியது. புடைத்தாற்போல இருந்தது கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து, கடைசியில் கையால் வழித்துவிட்டதுபோலச் சமமாகிவிட்டது. கோல்கள் இருக்கின்றன, அடுக்குக்குள்தான் இருக்கின்றன, ஆனால் கொட்டிய தீக்குச்சிபோல இஷ்டத்துக்குக் கிடக்கின்றன. முகடு இல்லை. நாலு வருடமாக அவர்கள் கொண்டாடியது பசை தடவிய மஞ்சள் டேப்பை.

பெரியவள் கோட்டை அச்செடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். யாரிடமும் சொல்லாமல் விடலாம், யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. நாளைக்குச் சொல்லலாம். நாளைக்குச் சொன்னால் சின்னவள் இன்று பேசுவது தெரியாமல் பேசியதாகிவிடும், பட்டமும் வந்துவிடும், பிறகு திருத்திக்கொள்ளலாம். இந்த இரண்டாவது யோசனை அவளுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்றால், தங்கை கண்ணில் படாமல் இருக்க, அரங்கம் இருக்கும் கட்டடத்தைத் தாண்டி விருந்தினர் அறைப் பக்கம் பாதி வழி நடந்தே போய்விட்டாள். ஆனால் தங்கையை மேடையில் பேச விட்டு, அது டேப் என்று தெரிந்துகொண்டே கீழே உட்கார்ந்து தலையாட்டுவதை நினைத்தபோது அதற்குமேல் போக முடியவில்லை. திரும்பி நடந்தாள்.

அரங்கத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் சின்னவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பெரியவள் சுற்றி வளைக்கவில்லை. இரட்டை டேப், ஒற்றைப் பிளாங்க், ரப்பர், உடைந்த படலம் எல்லாவற்றையும் சொல்லிக் காகிதத்தை நீட்டினாள். தப்பு தன்னுடையது என்பதை இரண்டு தடவை சொன்னாள்.

சின்னவள் காகிதத்தைப் பார்த்தாள். புரிந்துகொள்ள அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை, நாலு வருடம் அந்தக் கோட்டோடுதான் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். காகிதத்தை மடித்து அக்காவின் கையிலேயே திணித்தாள்.

"நாளைக்குச் சொல்லியிருந்தா என்னக்கா?"

பெரியவள் காகிதத்தை மறுபடி நீட்டினாள்.

"நீ எங்கிட்ட எதுவும் சொல்லல. நான் எதையும் பாக்கல," என்றாள் சின்னவள். தண்ணீர் பாட்டிலை மூடி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அரங்கம் நிறைந்திருந்தது. பெரியவள் அம்மாவுக்குப் பக்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். சின்னவள் நன்றாகத்தான் பேசினாள். பாலிமர் செய்த விதம், அது கெட்டிப்படும் விதம், அடுக்குகள். நாலாவது அத்தியாயம் நெருங்க நெருங்கப் பெரியவளுக்கு உள்ளங்கை ஈரமாகிக் காகிதம் நசநசத்தது. தாண்டிப் போய்விடுவாள், ஏதாவது சாக்குச் சொல்லி அந்த ஸ்லைடை விட்டுவிடுவாள் என்று எதிர்பார்த்தாள். சின்னவள் விடவில்லை. முகடு திரை அளவுக்குப் பெரிதாக வந்து நின்றது. அவள் அதன்மேல் சிவப்பு விளக்கை வைத்து, ஒன்றரை நானோமீட்டர், ஆறுபக்க ஒழுங்கு என்று மனப்பாடம் செய்தபடியே சொன்னாள். குரல் மட்டும் கொஞ்சம் வேகமாக ஓடியது. கடைசி வரிசைப் பக்கம் அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

தேர்வாளர் கேள்விகள் கேட்டார், நல்ல கேள்விகள், அன்பான கேள்விகள். டேப்பைப் பற்றி ஒன்றும் இல்லை. பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அம்மா, எல்லாம் நல்லபடியா போகுதுதானே என்று காதோடு கேட்டாள். ஆமாம் என்றாள் பெரியவள்.

இந்த மாதிரித் தேர்வுகளில் கடைசியாக ஒரு சடங்கு உண்டு. அவையில் யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா என்று பேராசிரியர் கேட்பார். யாரும் கேட்க மாட்டார்கள். எல்லாரும் கைதட்டிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். பேராசிரியர் கேட்டார். கைகள் தட்டுவதற்குத் தயாராயின.

பெரியவள் எழுந்து நின்றாள். எழுவதற்கு முன்னால் அவள் ஒன்றும் தீர்மானிக்கவில்லை, நின்ற பிறகுதான் நிற்பது தெரிந்தது. அம்மா, மகள் கேள்வி கேட்கப் போகிறாள் என்று சந்தோஷமாக நிமிர்ந்து பார்த்தாள்.

"கேள்வி இல்ல சார். அந்தப் பீக் சாம்பிளோடது இல்ல, டேப்போடது. பிளாங்க் எடுத்ததுல நான் தப்புப் பண்ணிட்டேன். சாம்பிளுக்கு ரெண்டு டேப், பிளாங்க்குக்கு ஒண்ணு. இன்னைக்கு டேப் இல்லாம அளந்து பாத்தேன், அங்க ஒண்ணுமே இல்ல." மூச்சு வாங்கிக்கொண்டு, "இப்பத்தான் ரிசல்ட் வந்துச்சு. அவளுக்குத் தெரியாது," என்றாள்.

காகிதத்தோடு முன்வரிசைக்கு நடந்தாள். பேராசிரியரின் முகம் கோபத்துக்கும் குழப்பத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. தேர்வாளர் கை நீட்டிக் காகிதத்தை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்து, மாணவிக்குத் தெரியாமல் நடந்த பிழை என்றால் அதற்கு வழிமுறைகள் இருக்கின்றன, ஒரு திருத்தக் குறிப்போடு முடித்துக்கொள்ளலாம் என்று மெதுவாகத் தொடங்கினார். பேராசிரியருக்கு உயிர் வந்தது. பெரியவளுக்கும் வந்தது. வேலை பிழைத்துவிட்டது என்று அந்தக் கணம் அவள் நம்பினாள்.

"எனக்குத் தெரியும் மேடம்," என்றாள் சின்னவள்.

தேர்வாளர் நிறுத்தினார்.

"உள்ள வர்றதுக்கு முன்னாடியே அக்கா சொல்லிட்டாங்க. இந்தக் காகிதத்தை என் கையில குடுத்தாங்க. தெரிஞ்சுதான் ஸ்லைடைக் காட்டினேன்." சிவப்பு விளக்கை மேசைமேல் வைத்தாள். "டேப்பை ரெண்டு பக்கம் ஒட்டுனதும் எனக்காகத்தான். இப்ப பொய் சொல்றதும் எனக்காகத்தான். போதும் மேடம்."

அதற்குப் பிறகு எல்லாரையும் வெளியே போகச் சொன்னார்கள். கதவு மறுபடி திறக்க ரொம்ப நேரம் ஆயிற்று. பட்டம் இப்போது இல்லை. நாலாவது அத்தியாயத்தை எடுத்துவிட்டு, புதிதாகப் படலம் செய்து, டேப் இல்லாமல் அளந்து, கிடைப்பதை எழுதிக்கொண்டு மறுபடி வர வேண்டும். தெரிந்தே காட்டியதற்கு ஒரு விசாரணையும் உண்டு. தேர்வாளர் போகும்போது சின்னவளிடம் ஏதோ சொன்னார், சின்னவள் தலையசைத்தாள், என்ன என்று யாருக்கும் கேட்கவில்லை. பேராசிரியர் அக்கா தங்கை இருவரையும் பார்க்காமல் நடந்து போனார்.

தாழ்வாரம் காலியானதும் சின்னவள் ஜன்னலோரம் நின்று, வேலை தருவதாகச் சொன்ன பல்கலைக்கழகத்துக்கு அவளே போன் செய்தாள். அடுத்த மாதம் வர முடியாது என்றாள். இல்லை, உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றாள். பட்டம் கிடைக்கவில்லை என்று தெளிவாகச் சொல்லி, அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டு, நன்றி சொல்லி வைத்தாள். திரும்பியபோது கண் வறண்டிருந்தது. அழுதுகொண்டிருந்தது பெரியவள். தோள் குலுங்க, சத்தம் வராமல், கைக்குட்டைகூட இல்லாமல்.

"நீ எதுக்குக்கா அழற? ஃபெயில் ஆனது நான்," என்றாள் சின்னவள்.

தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் அம்மா, புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முடிவு என்ன என்று கேட்க வேகமாக வந்துகொண்டிருந்தாள். சின்னவள் தன் துப்பட்டாவின் முனையை அக்காவின் கையில் கொடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அம்மாவுக்குப் பதில் சொல்ல அவளே முன்னால் நடந்தாள்.